வாத்துக்கு எதற்கு ஜெட்?

1983-இல் வந்த ‘ஆக்டோபஸ்ஸி’ படத்தை நம்மவர்கள் பலர் விஜய் அமிர்தராஜுக்காகத்தான் பார்த்தார்கள். சென்னை டென்னிஸ்காரர் ஜேம்ஸ் பாண்டை ஏற்றிக்கொண்டு ஆட்டோ ஓட்டிய படம் அல்லவா! ஆனால் அவர் திரைக்கு வருவதற்கு வெகுமுன்பே, பெயர்கள் ஓடுவதற்கும் முன்னால், இன்னொரு நடிகர் வந்து போய்விடுவார். குதிரைகளை ஏற்றும் வண்டிக்குள்ளிருந்து வெளியே வரும் ஒரு குட்டி ஜெட் விமானம் அது. ஏவுகணைக்குப் போக்குக் காட்டிவிட்டு, எரிபொருள் தீர்ந்துபோய், கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் வந்து நிற்கும்.

படப்பிடிப்புக்காகச் செய்த பொம்மை என்று பலரும் நினைத்தார்கள். பொம்மை இல்லை. பி.டி.-5ஜே என்ற நிஜ விமானம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 17 அடிதான். ஜிம் பீட் என்ற அமெரிக்கர், வீட்டுக் கொட்டகையில் அவரவரே கட்டிக்கொள்ளட்டும் என்று உதிரிபாகங்களாக விற்ற விமானத்தின் ஜெட் வடிவம்.

சரி, இவ்வளவு சின்ன ஜெட் சாத்தியம் என்றால், உலகத்தின் குட்டி விமானங்கள் எல்லாம் ஏன் இன்னும் விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கின்றன? ஜெட் வந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. விசிறியைக் கழற்றிவிட்டு ஜெட்டை மாட்டினால் என்ன?

மாட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தேர்ந்தெடுத்த விமானம் ஒரு வாத்து.

முன்சிறகு

வாத்துக்குப் பிரெஞ்சில் ‘கனார்ட்’ என்று பெயர். வாலில் இருக்கவேண்டிய சின்ன இறக்கையை மூக்குப் பக்கம் கொண்டுவந்து வைத்த விமானங்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பறக்கும் வாத்தின் நீட்டிய கழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன இறக்கையை இந்த அத்தியாயத்தில் முன்சிறகு என்போம். புதுமை ஒன்றும் இல்லை. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்த முதல் விமானமே முன்சிறகு வைத்ததுதான். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தின் சுகோய்-30 எம்.கே.ஐ. போர் விமானங்களிலும் விமானி அறைக்குச் சற்றுப் பின்னால் முன்சிறகு உண்டு.

வீட்டில் கட்டும் விமானங்களுக்கு முன்சிறகைக் கொண்டுவந்து புகழ்பெற வைத்தவர் பர்ட் ருட்டான். 1972 முதல் 1974 வரை அவர் வேலை பார்த்தது, மேலே சொன்ன ஜிம் பீடிடம்தான். பிறகு கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்குப் போய்த் தனிக்கடை போட்டார். 1975-இல் வேரி-ஈஸி, 1979-இல் லாங்-ஈஸி. இரண்டுக்கும் வரைபடங்கள் மட்டுமே விற்றார். கட்டுவது வாங்கியவர் பாடு. லாங்-ஈஸிதான் நம் கதாநாயகன்.

இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரலாம். எஞ்சின் முதுகுப்புறம், அதன் பின்னால் விசிறி. இழுக்காமல் தள்ளிக்கொண்டு போகும். ஏற்றிக்கொண்டு கிளம்பும் முழு எடை சுமார் 600 கிலோ, நம்மூர்ப் பழைய மாருதி 800-ஐவிடக் குறைவு. எஞ்சின் நான்கு சிலிண்டர், 115 குதிரைத்திறன். இதை வைத்துக்கொண்டு மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓடும். மணிக்கு 25 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். தொட்டியில் 197 லிட்டர் பிடிக்கும். எட்டு மணி நேரத்தை நெருங்கிப் பறக்கலாம்.

பின்பக்கம் விசிறி என்பதால், பார்க்கிறவர்களுக்கு உடனே ஓர் ஆசை வருகிறது. ஜெட் எஞ்சினும் பின்னால்தானே ஊதும்? இடம் தயாராக இருக்கிறதே!

ஹெலிகாப்டரின் பாதி

புதிய ஜெட் எஞ்சின் வாங்கத் தனி மனிதருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ராணுவம் கழித்துவிட்ட எஞ்சின்கள் அமெரிக்காவில் விலைக்குக் கிடைக்கும். அப்படிக் கிடைத்ததில் வீட்டுக் கட்டுநர்களின் கண்ணில் பட்டது, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் டி58. அது விமானத்துக்கானதே அல்ல. சீ கிங், சீ நைட் போன்ற ஹெலிகாப்டர்களுக்கானது. இந்தியக் கடற்படையின் சீ கிங்குகளைத் தூக்கிய நோம் எஞ்சினும் இதே டி58-இன் பிரிட்டிஷ் வார்ப்புதான்.

அதற்குள் என்ன நடக்கிறது? முன்னால் பத்து வரிசைத் தகடுகள் சுழன்று காற்றை எட்டு மடங்குக்குமேல் அமுக்குகின்றன. இது அமுக்கி. அமுங்கிய காற்றில் மண்ணெண்ணெய் வகை எரிபொருள் எரிகிறது. கொதிக்கும் வாயு வெளியேறும் வழியில் இரண்டு காற்றுச் சக்கரங்கள், இவைதான் டர்பைன். இவை சுழன்று முன்னாலிருக்கும் அமுக்கியைச் சுழற்றுகின்றன. இத்தனையும் முடிந்த பிறகு, மிச்ச வாயுவின் வழியில் இன்னொரு தனிச் சக்கரம். அது ஹெலிகாப்டரின் மேல் விசிறியைச் சுழற்றும்.

கட்டுநர்கள் செய்ததெல்லாம், கடைசியில் இருக்கும் அந்தத் தனிச் சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் குறுகும் குழல் ஒன்றை மாட்டியதுதான். மிச்ச வாயு இப்போது சக்கரத்தைச் சுழற்றாமல் நேரே பின்னால் பீறிடும். ஹெலிகாப்டர் எஞ்சின் ஜெட் எஞ்சினாகிவிட்டது. உந்துவிசை தரையில் நின்றபடி சுமார் 340 கிலோ. விமானத்தின் எடையில் பாதிக்குமேல்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமுக்கியைச் சுழற்ற மட்டும் எவ்வளவு சக்தி போகிறது என்று கணக்குப் போட்டால், சுமார் 2,000 குதிரைத்திறன் வருகிறது. விமானத்தை ஓர் அங்குலம் நகர்த்துவதற்கு முன்பே, தன்னைத் தானே சுழற்றிக்கொள்ள இவ்வளவு! வீட்டு வாடகைக்கே சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும் குடும்பம்போல.

துடுப்பும் பீச்சாங்குழலும்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர் அகலத் துடுப்பால் நிறையத் தண்ணீரை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுகிறார். அவர் கையில் துடுப்புக்குப் பதில் பீச்சாங்குழலைக் கொடுங்கள். கொஞ்சம் தண்ணீரை மிக வேகமாகப் பின்னால் பீச்சியும் பரிசலை நகர்த்தலாம்தான். ஆனால் கை ஓய்ந்துவிடும். விசிறிக்கும் ஜெட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எண்களில் பார்ப்போம்.

லாங்-ஈஸி 8,000 அடி உயரத்தில், விநாடிக்கு 80 மீட்டர் சொச்சம் வேகத்தில் போகிறது. காற்றின் எதிர்ப்பை ஈடுகட்ட அதற்குத் தேவைப்படும் உந்துவிசை ஏறக்குறைய 63 கிலோ மட்டும்தான். கடையில் சிமெண்டு மூட்டை 50 கிலோ. அதைவிடக் கொஞ்சம் கூட.

அதன் விசிறி ஒன்றரை மீட்டர் அகலம். அந்த வட்டத்தின் வழியே விநாடிதோறும் சுமார் 140 கிலோ காற்று கடந்துபோகிறது. அவ்வளவு காற்று கையில் இருப்பதால், அதை விநாடிக்கு நாலரை மீட்டர் மட்டும் கூடுதலாகத் தள்ளினால் போதும், 63 கிலோ உந்துவிசை வந்துவிடும். நாலரை மீட்டர் என்பது நிதானமாக மிதிக்கும் சைக்கிளின் வேகம்.

டி58-க்கு வருவோம். முழுமூச்சாக ஓடும்போது அது விழுங்குவது விநாடிக்கு ஆறு கிலோவுக்கும் குறைவான காற்று. அதை வைத்து 340 கிலோ உந்துவிசை காட்ட வேண்டுமானால், பின்னால் விநாடிக்கு 580 மீட்டர் வேகத்தில் துப்பியாக வேண்டும். கைத்துப்பாக்கித் தோட்டாவைவிட அதிக வேகம்.

இந்த வேகத்தில் வெளியே போகும் காற்று சும்மா போகவில்லை. நாம் காசு கொடுத்து எரித்த சக்தியைச் சுமந்துகொண்டு போகிறது. விமானம் மணிக்கு 360 கிலோமீட்டரில் பறக்கும்போது, காற்றை முடுக்கச் செலவழித்த சக்தியில் நூற்றுக்கு முப்பது பங்குகூட விமானத்துக்குக் கிடைப்பதில்லை. மிச்சம் எழுபதும் வானத்தில் சுழன்று கரைகிறது. நல்ல விசிறி இதே வேகத்தில் நூற்றுக்கு எண்பது பங்கை விமானத்துக்கே கொடுத்துவிடும்.

அதற்காக ஜெட்டைத் திட்டக்கூடாது. அதே எஞ்சினை மணிக்கு 900 கிலோமீட்டரில் ஓடவிட்டால் அறுபது பங்கு கிடைக்கும். விசிறியோ அந்த வேகத்தில் திணறிப்போகும். அதன் நுனிகள் ஒலியின் வேகத்தைத் தாண்டிக் காற்றோடு மல்லுக்கட்டும். ஜெட்டுக்கு வேகம் வேண்டும். வேகம் கொடுக்காமல் ஜெட்டை வைத்துக்கொள்வது, நெடுஞ்சாலை லாரியை மாட்டுச் சந்தைக்குள் ஓட்டுகிற காரியம்.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறக்கும் ஏடிஆர் விமானத்தில் ஏறியவர்கள், ‘விசிறி வைத்த பழைய பிளேன்’ என்று முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்த விசிறிக்குப் பின்னால் சுழல்வதும் டர்பைன்தான். குறுகிய தூரம், மிதமான வேகம். அதற்குத் துடுப்பே சரி என்று தெரிந்துதான் டர்பைனுக்கு விசிறி மாட்டியிருக்கிறார்கள்.

பட்டத்தின் விண்

அப்படியானால் லாங்-ஈஸியை 900 கிலோமீட்டரில் ஓட்டிவிட்டால் போயிற்று?

மேலே சொன்ன எண்களையே நீட்டிப் பார்த்தால், டி58-இன் முழு உந்துவிசையும் காற்றின் எதிர்ப்பும் சமமாவது மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டித்தான். 900 கனவு, 500 கைக்கு எட்டும். ஆனால் ருட்டான் இந்த விமானத்துக்குச் சிவப்புக்கோடு போட்டது மணிக்கு 352 கிலோமீட்டரில். அதற்குமேல் ஒருபோதும் போகாதே என்பது அதன் பொருள்.

ஏன் 352? இறக்கை முறிந்துவிடும் என்ற பயமா? அதைவிட நுட்பமான ஆபத்து இது. யாழ்ப்பாணத்துப் பட்டங்களில் ‘விண்’ பூட்டுவார்கள். வில்லில் இழுத்துக் கட்டிய மெல்லிய நாடா அது. பட்டம் மேலே ஏறிக் காற்று வேகம் பிடித்ததும் ஊரெல்லாம் கேட்கும்படி ரீங்கரிக்கும். நாடாவை யாரும் மீட்டவில்லை. காற்று அதை வளைக்கிறது, அது திரும்புகிறது, திரும்பும் தாளமும் காற்றின் தாளமும் பொருந்திப்போனதும், ஒவ்வொரு அசைவுக்கும் காற்று கொஞ்சம் சக்தி கொடுக்கிறது. அதிர்வு ஓயாது.

விமான இறக்கையும் அதன் பின்விளிம்பில் அசையும் மடல்களும் கொஞ்சம் வளையக்கூடியவைதான். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே, எந்த அதிர்வும் வந்த வேகத்தில் அடங்கிவிடும். அந்த வேகத்தைத் தாண்டினால் இறக்கையே விண்ணாகிவிடுகிறது. இதை விண்ணதிர்வு என்று அழைக்கலாம். பட்டத்துக்கு அது சங்கீதம். விமானத்தில் ஒவ்வொரு அசைவும் முந்தையதைவிடப் பெரிதாகி, விமானி கையை நகர்த்துவதற்குள் மடலோ இறக்கையோ பிய்ந்து போகலாம்.

இதில் உயரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. விமானியின் வேகமானி காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் வேகம் சொல்கிறது. ஆகவே உயரத்தில் உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டும். விண்ணதிர்வோ உண்மையான வேகத்தையும் பொறுத்தது. முள் சிவப்புக்கோட்டுக்குக் கீழே சாதுவாக நிற்கும்போதே இறக்கை எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும். 115 குதிரைத்திறனில் நேராகப் பறக்கிறவர் இந்த எல்லையைத் தொடுவதே அரிது. ஜெட் மாட்டியவருக்கு அது நெம்புகோலைக் கொஞ்சம் தள்ளும் தூரம்.

ஆகவே அவர் எஞ்சினை அடக்கியே வைத்திருக்க வேண்டும். தரைமட்டத்தில் சிவப்புக்கோட்டு வேகத்துக்கே 110 கிலோ உந்துவிசை போதும், எஞ்சினின் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மூன்றில் ஒரு பங்கு வேலை வாங்கினால் எரிபொருளும் மூன்றில் ஒரு பங்காகாது. வாடகை, நினைவிருக்கிறதா? விமானம் சும்மா நின்றாலும் அமுக்கி சுழன்றாக வேண்டும். முழுமூச்சில் டி58 மணிக்கு 400 லிட்டருக்குமேல் குடிக்கும். அடக்கி ஓட்டினாலும் 200 லிட்டர் அளவில் நிற்கும். 197 லிட்டர் தொட்டி ஒரு மணி நேரத்தில் காலி. எட்டு மணி நேரம் பறந்த விமானம்!

ஒரு சாணுக்குள்

லாங்-ஈஸியை நிறுத்திவைத்திருக்கும்போது பார்த்தால் சிரிப்பு வரும். முன்சக்கரத்தை மடக்கிக்கொண்டு, மூக்கைத் தரையில் வைத்து, ஒட்டகம்போல் மண்டியிட்டிருக்கும். விமானி முன்னிருக்கையில் இல்லாதபோது பின்னாலிருக்கும் எஞ்சினின் கனம் அதை வாலடியாகச் சாய்த்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. எடைச் சமநிலை அவ்வளவு நூலிழையில் நிற்கிறது.

பறக்கும்போது இது விளையாட்டில்லை. மூக்கை மிகவும் தூக்கி வேகம் குறைந்துபோனால், எந்த இறக்கையும் ஒரு கட்டத்தில் தூக்குவதை நிறுத்திவிடும். இதைத் தூக்கிழப்பு என்போம். ருட்டானின் சாமர்த்தியம் என்னவென்றால், முன்சிறகு முதலில் தூக்கிழக்கும்படி வைத்தது. அது தூக்கிழந்ததும் மூக்கு தானாகத் தாழும், வேகம் கூடும், எல்லாம் சரியாகிவிடும். பெரிய இறக்கைக்கு அந்த நிலையே வராது. ஆனால் எடைமையம் பின்னுக்குப் போய்விட்டால் முன்சிறகின் சுமை குறைந்து, பெரிய இறக்கை முந்திக்கொண்டு தூக்கிழக்கலாம். அப்புறம் மூக்கு மேலேயே நிற்க, விமானம் தட்டையாகக் கீழே இறங்கும், மீட்பது கடினம். எடைமையம் முன்பின்னாக நகர அனுமதி ஏழு அங்குலம்தான், ஒரு சாணுக்கும் குறைவு.

நல்லவேளையாக, சக்கரத்தைக் கழற்றிய டி58-இன் எடை நான்கு சிலிண்டர் எஞ்சினின் எடைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மிச்ச வித்தியாசத்துக்குத் தராசுக் கணக்கு உதவும்: மையத்திலிருந்து ஒரு மீட்டர் பின்னால் 10 கிலோ கூடினால், இரண்டரை மீட்டர் முன்னால் 4 கிலோ வைத்தால் சரி. பேட்டரி மூக்குக்குப் போவது இதனால்தான். கூடுதல் எரிபொருளை எங்கே வைப்பது? மையத்துக்கு அருகில் இருக்கும் பின்னிருக்கையில். அதாவது இன்னொருவரைக் கூட்டிப்போக முடியாது.

தெர்மாகோலுக்குப் பின்னால் நெருப்பு

இந்த விமானத்தில் அலுமினியத் தகடு எதிர்பார்க்காதீர்கள். தெர்மாகோலின் நெருங்கிய உறவான நுரைப் பலகையைச் சூடான கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை எப்பாக்ஸி பிசினில் நனைத்துப் போர்த்தியது. லேசானது, வழுவழுப்பானது, உறுதியானது. வெப்பத்துக்கு மட்டும் ஆகாது. வெயிலில் பிசின் இளகக்கூடாது என்பதற்காகவே இவ்வகை விமானங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளை நிறம் பூசுவார்கள். வெயிலுக்கே பயப்படும் உடலின் பின்னால், பல நூறு டிகிரியில் வாயு உமிழும் குழலைப் பொருத்துகிறோம். எஃகுத் தடுப்புகள், வெப்பக் காப்புப் போர்வைகள், இடையில் குளிர்காற்று ஓட வழி. ஒவ்வொன்றும் எடை, ஒவ்வொன்றும் பின்பக்கம்.

இறங்கும்போது இன்னொரு தொல்லை. விசிறி வைத்த விமானத்தில் எஞ்சினைத் தணித்தால் விசிறியே காற்றில் முட்டுக்கட்டை போடும். ஜெட்டோ தணித்தாலும் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். லாங்-ஈஸிக்கு இறக்கை மடிப்புகள் கிடையாது. வயிற்றடியில் தொங்கும் ஒரு காற்றுத்தடுப்புப் பலகைதான் உண்டு. வழுக்கும் விமானம் இன்னும் வழுக்கும்.

வீட்டு விமானத்தில் ஒன்றை மாற்றினால் ஒன்பது மாறும் என்பதற்கு ஜெட்வரை போகவேண்டியதில்லை. 1997 அக்டோபர் 12 அன்று, பாடகர் ஜான் டென்வர் தாம் புதிதாக வாங்கிய லாங்-ஈஸியில் பறந்து, கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அதைக் கட்டியவர், எரிபொருள் தொட்டியை மாற்றும் வால்வை வரைபடத்தில் இருந்த இடத்திலிருந்து விமானியின் இடது தோளுக்குப் பின்னால் நகர்த்தியிருந்தார். எரிபொருள் குழாய் விமானி அறைக்குள் வராமலிருப்பது நல்லதுதானே என்ற எண்ணம். அதைத் திருகத் திரும்பும்போது விமானம் கைமீறியது என்பது விசாரணையின் முடிவு.

பிறகு ஏன்?

இத்தனைக்கும் பிறகு ஏன் மாட்டுகிறார்கள்? ஒரு காரணம் ஏற்றம். எடையில் பாதி உந்துவிசை கையில் இருந்தால் விமானம் விநாடிக்கு 25 மீட்டர் உயரும். எட்டு மாடிக் கட்டடத்தை ஒரு விநாடியில் தாண்டுவது. அந்தச் சில நிமிடங்களுக்காக ஒருவர் வருடக்கணக்கில் கொட்டகையில் உழைப்பதை நான் கேலி செய்யமாட்டேன். பயண வண்டியாக அது நஷ்டக் கணக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம், பின்னால் காலியாக இருக்கும் அந்த இடம். புதுவகை எஞ்சின்களைச் சோதிக்க லாங்-ஈஸியைப்போல மலிவான, அடக்கமான விமானம் கிடைப்பது அரிது. 2001-இல் எக்ஸ்கோர் நிறுவனம் இரண்டு சிறு ராக்கெட் எஞ்சின்களை அதன் முதுகில் மாட்டிப் பறக்கவிட்டது. ஓட்டியவர் பர்ட்டின் அண்ணன் டிக் ருட்டான். 2008 ஜனவரியில் அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடம், குழல்களுக்குள் தொடர் வெடிப்புகளால் உந்தும் எஞ்சின் ஒன்றை இன்னொரு லாங்-ஈஸியில் சோதித்தது. அது பறந்தது சுமார் பத்து விநாடி. இப்போது டேட்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ராக்கெட்டை ஓட்டிய அதே டிக் ருட்டான், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1997-இல், நண்பர் மைக் மெல்வில்லுடன் சேர்ந்து இரண்டு லாங்-ஈஸிகளில் உலகத்தைச் சுற்றிவந்தார். இரண்டிலும் இருந்தது பிஸ்டன் எஞ்சின், பின்னால் விசிறி.